கிளட்ச்சுக்கு இட்ட பொட்டு

எழுதத் துணிந்தமைக்காக முதலில் மன்னிப்புக் கோருகிறேன். நான் எழுத்தாளன் அல்லன். சுவாமிநாதன் என்ற பெயரில், மருந்து நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிபுரிபவன். ஒரு மாத்திரையை உணவுக்கு முன் விழுங்குவதா, பின் விழுங்குவதா என்பதை எவருக்கும் ஐயம் எழாதவாறு எழுதுவது என் தொழில். அத்தகைய வாக்கியங்களில் கற்பனைக்கு இடமில்லை; இடம் கொடுத்தால் வேலை போய்விடும். பள்ளி இறுதியாண்டில் கட்டுரைப் போட்டி ஒன்றில் ஆறுதல் பரிசு பெற்றதுண்டு. இதைத் தகுதியாகக் கூறவில்லை, தகவலாகவே கூறுகிறேன்.

கதை ஒரு ஸ்னோமொபைலைப் பற்றியது. பனியில் ஓடும் வண்டி. முன்னால் சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு சறுக்குக் கட்டைகளும், பின்னால் ராணுவ டாங்கிக்கு இருப்பதைப்போல ஒரு ரப்பர்ப் பட்டையும் உடையது. அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் பிளெய்ன்ஸ்பரோவில் ஆண்டுக்கு நான்கைந்து முறை பனி விழுந்தால் அதிகம். இந்த ஊரில் ஒருவருக்கு ஸ்னோமொபைல் எதற்கு என்று வாசகர் கேட்டால் அது நியாயமான கேள்வி. நானும் அதை நண்பர் சேனாபதியிடம் கேட்பதற்கு மூன்று ஆண்டுகளாகத் தக்க தருணம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சேனாபதி கோயம்புத்தூர்க்காரர். பகலில் வங்கி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறார். மற்ற நேரங்களில் எதையாவது கழற்றுகிறார். அவர் வசிப்பது அடுக்ககத்தில். அங்கே வண்டி நிறுத்த மூடிய இடம் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கராஜ் உண்டு. ஆகவே மூன்று குளிர்காலங்களுக்கு முன் ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "சாமி சார், ரெண்டே வாரமுங்க. வேற எடம் பாத்ததும் எடுத்துருவேன்" என்றார். நான் "தாராளமாக" என்றேன். அன்றிலிருந்து ஸ்னோமொபைல் உள்ளேயும் எங்கள் கார் வெளியேயும் இருக்கின்றன.

என் மனைவி காமாக்ஷி ஒவ்வொரு ஜனவரிக் காலையிலும் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே கேட்பாள்: "ஏன்னா, அவர்கிட்ட எப்போ சொல்லப்போறேள்?"

"சொல்லணும்."

"பனியில ஓடறதுக்குன்னே பண்ணின வண்டி வெதுவெதுப்பா உள்ள தூங்கறது. மனுஷா ஓட்டற கார் வெளியில நிக்கறது. நியாயமா இது?"

நியாயமில்லைதான். ஆனால் இரண்டு வாரம் என்று சொன்ன மனிதரிடம் இரண்டு வாரம் முடிந்த அன்றே கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது வாரம் கேட்பதற்கே சங்கடமாக இருந்தது. மூன்றாவது ஆண்டில் எப்படிக் கேட்பது?

அந்த வண்டியால் சேனாபதி அடைய விரும்பியது ஒன்றே ஒன்று. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில், சிற்றூர் ஒன்றின் பனிவண்டிக் கழகத்தார் பிப்ரவரி மாத நீண்ட வார இறுதியில் மலையேற்றப் போட்டி நடத்துகிறார்கள். முந்துவது பற்றிய பேச்சே இல்லை. செங்குத்தான சரிவில் அடியிலிருந்து உச்சிக்கு வண்டியை ஓட்டிச் சென்றால் போதும். ஒருவருக்கு ஒரு வாய்ப்பு. பாதியில் நின்றுவிட்டால் கழகத்தார் மேலிருந்து கயிறு கட்டி வண்டியைப் பைய இறக்குவார்கள்.

சேனாபதியை இரண்டு ஆண்டுகள் இறக்கினார்கள். அந்தக் காட்சியை யாரோ படம் பிடித்து, நாதஸ்வர இசை சேர்த்து எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்சப் குழுவில் இட்டுவிட்டார்கள். "பிளெய்ன்ஸ்பரோ தேரோட்டம், வடம் பிடிக்க வாரீர்" என்று அதற்குத் தலைப்பு. இருநூறு பேர் கைகூப்பும் சித்திரத்தை அனுப்பியிருந்தார்கள். நான் அனுப்பவில்லை.

அவருடைய மனைவி எழிலரசி பொறுமைசாலி. ஆனால் பொறுமையை அளந்து வைத்திருப்பவர். சென்ற தீபாவளியன்று எங்கள் வீட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஏங்க, இதுதான் கடைசி. இந்த வருஷமும் கயித்துல எறங்கி வந்தீங்கன்னா, திங்கக்கெழமையே வண்டிய வித்துடணும். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

"தலையெல்லாம் எதுக்கு எழில்?"

"அடிங்க."

சேனாபதி அடித்தார். மெதுவாகத்தான் அடித்தார். ஆனாலும் சத்தியம் சத்தியமே. நான் காமாக்ஷியைப் பார்த்தேன். அவள் ஜாங்கிரித் தட்டைக் கையில் ஏந்தியபடி, பக்தி பரவசத்தில் நிற்பவள்போல் கராஜின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வண்டி ஏன் பாதி மலையில் நின்றுவிடுகிறது என்பதைச் சேனாபதி எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். நான் புரிந்துகொண்ட அளவில் கூறுகிறேன்; பிழையிருப்பின் அது என்னுடையது. இந்த வண்டியில் கியர் இல்லை. எஞ்சினோடு ஒரு கிளட்ச், பின்னால் பட்டையைச் சுழற்றும் தண்டோடு இன்னொரு கிளட்ச். ஒவ்வொரு கிளட்ச்சும் இரண்டு தாம்பாளங்களை எதிரெதிராக நிறுத்தியதுபோல் இருக்கும். இரண்டு கிளட்ச்சுகளையும் ஒரு ரப்பர் பெல்ட் இணைக்கிறது. முன் கிளட்ச்சுக்குள் மூன்று சிறு எடைகள் உண்டு. எஞ்சின் வேகமெடுக்கும்போது அவை வெளிப்புறம் வீசி, தாம்பாளங்களை நெருக்கி, பெல்ட்டைக் கவ்வச் செய்கின்றன.

"எட ஜாஸ்தியா இருந்தா சீக்கிரமே இறுக்கிப் புடிச்சுருதுங்க சார். மேட்டுல எஞ்சினுக்கு மூச்சு முட்டுது. எட்டாயிரம் சுத்து சுத்த வேண்டியது ஏழாயிரத்துலயே தவிச்சுட்டு நிக்குது. கனத்தக் கொறச்சா ஃப்ரீயா சுத்தும். ரொம்பக் கொறச்சா சும்மா கத்துமுங்க, வண்டி போவாது."

"அளவு முக்கியம்" என்றேன்.

"அதேதானுங்க! உங்களுக்குப் புரியுது. எழிலுக்குத்தான் புரியல."

போட்டிக்கு முந்தைய வாரம் முழுவதும் எங்கள் கராஜில் வேலை நடந்தது. பழைய முன் கிளட்ச்சின் உட்புறம் தேய்ந்துவிட்டதால், பென்சில்வேனியாவில் ஒருவரிடமிருந்து வேறொரு கிளட்ச் வாங்கிவந்திருந்தார். பழையது கழன்று வர மறுத்தது. டார்ச் பிடிப்பது என் பொறுப்பு. நீண்ட குறடால் முறுக்கினார், வரவில்லை. பிறகு கிளட்ச்சின் நடுத்துளைக்குள் தண்ணீரை ஊற்றி, கழற்றும் போல்ட்டில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி மறுபடி உள்ளே செலுத்தினார்.

"தண்ணிய நசுக்க முடியாதுங்க சார். போல்ட் உள்ள போகப் போக அதுக்கு ஓட எடமில்ல. கிளட்ச் வெளிய வந்துதான் ஆகணும்."

துப்பாக்கி வெடித்ததுபோல் ஓர் ஓசை. கிளட்ச் கழன்று அவர் மடியில் விழுந்தது. நான் அனிச்சையாக "மன்னிக்கவும்" என்றேன். யாரிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

புதிதாக வந்த கிளட்ச்சில் இருந்த எடைகளை நிறுத்துப் பார்க்க எழிலரசியின் நகைத் தராசு வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து நிறுத்தார்கள். ஒவ்வொன்றும் அறுபத்தாறு கிராம்.

"எட்டேகால் பவுன்" என்றார் எழிலரசி உடனே. "மூணும் சேத்தா இருபத்திநாலே முக்கால். கல்யாணத்துல இருந்து இன்னிக்கு வரைக்கும் எனக்கு நீங்க இவ்வளவு போட்டதில்ல."

"இது இரும்பு எழில்."

"இரும்புலயாவது போட்டீங்களா?"

அறுபத்தாறைக் கழற்றி அறுபத்திரண்டு கிராம் எடைகளைப் பொருத்தினார் சேனாபதி. "ஏழே முக்கால்" என்று எழிலரசி அறிவித்தார். சுருள்வில்லையும் மாற்றினார்கள். பழைய பெல்ட்டை என் கையில் கொடுத்து, "இதத் தூக்கிப் போட்டுருங்க சார், இனி அதுக்கு வேலையில்ல" என்றார்.

அதற்குப் பின்னர் நடந்தது இக்கதைக்கு முக்கியம். வியாழக்கிழமை பிற்பகல், துணி துவைக்கும் அறையிலுள்ள தொட்டியில் வெந்நீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, புதிய பெல்ட்டைச் சேனாபதி குளிப்பாட்டினார். கழுவினார் என்று எழுதினால் அவர் செய்ததைக் குறைத்துக் கூறியதாகும். ஒவ்வொரு பல்லுக்கும் இடையே மென்மையான தூரிகையால் தேய்த்தார். மும்முறை நீர் மாற்றினார். பிறகு வெள்ளைத் துவாலையில் சுற்றி, ஒற்றி எடுத்து, கைபடாமல் ஏந்திச் சென்று வண்டியில் பூட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. முகம் அவ்வளவு தீவிரமாக இருக்கும் ஒருவரை இடையில் நிறுத்திக் கேட்பது முறையாகாது என்று கருதினேன்.

கேட்டிருக்க வேண்டும்.

*

வெள்ளிக்கிழமை காலை புறப்பாடு. எழிலரசியின் விருப்பப்படி வண்டிக்குப் பூஜை. எங்கள் வீட்டு வாசலில், வாடகை டிரெய்லரின் மேலேயே நடந்தது. முன்கண்ணாடிக்கு மாலை, விளக்குக்குப் பொட்டு, சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழங்கள். சேனாபதி வண்டியை ஓரடி நகர்த்தினார். பழங்கள் நசுங்கின. எதிர்வீட்டு அமெரிக்கப் பெண்மணி நாயோடு நின்று பார்த்துவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு போனார்.

அனைவரும் பை எடுக்க உள்ளே சென்றபோது நான் மட்டும் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். எனக்கு ஒரு குறை உறுத்தியது. கண்ணாடிக்கும் விளக்குக்கும் பொட்டு உண்டு. ஒரு வாரம் உழைத்து மாற்றிய கிளட்ச்சுக்கு இல்லை. பெல்ட்டோ நேற்றுத்தான் குளித்தது. குளித்துத் துடைத்த பிள்ளைக்கு அடுத்தது பொட்டுத்தானே? அதைச் சேனாபதி மறந்துவிட்டார் என்றே நான் முடிவு செய்தேன்.

மேல்மூடியைத் திறந்தேன். கிளட்ச்சின் காப்புத் தகடு ஒரே ஒரு கொக்கியில் நின்றது; அதையும் எடுத்தேன். வெறும் சந்தனம் குளிரில் காய்ந்து உதிரும் என்பதால், தேங்காயெண்ணெயை உருக்கிவந்து குழைத்திருந்தேன். இப்படிச் செய்ய எவரும் சொல்லவில்லை, என் முன்யோசனை. இரண்டு கிளட்ச்சுகளின் பளபளப்பான உட்புறத் தட்டுகளிலும், வெளியே பொட்டிட்டால் அழிந்துவிடும் என்று, விரல் போகும் ஆழம்வரை மும்மூன்று பொட்டுகள் இட்டேன். நடுவில் குங்குமம். பெல்ட்டின் இரு பக்கவாட்டிலும் நீளச் சந்தனக் கீற்று. திருத்தமாக வந்திருந்தது. தகட்டை மூடி, கைகழுவி, காரில் ஏறினேன். செய்த நற்செயலை விளம்பரப்படுத்தக் கூடாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

*

போட்டி சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. புதிய பெல்ட்டைக் கொஞ்சம் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று காலை பத்தரை மணிக்கு மலையடிவாரத்துச் சமவெளியில் சேனாபதி வண்டியைக் கிளப்பினார். நாங்கள் மூவரும் பனியில் காலுதைத்து நின்றோம்.

எஞ்சின் ஓங்கி முழங்கியது. வண்டி நகரவில்லை. இன்னும் ஓங்கி முழங்கியது. வண்டி, மாப்பிள்ளை அழைப்புக் கார்போல் அசைந்து அசைந்து நூறடி சென்றது. பிறகு மூடியின் இடுக்குகளிலிருந்து புகை வந்தது.

அந்தப் புகையைப் பற்றி நான் கூறியே ஆகவேண்டும். ரப்பர் கருகும் நாற்றத்தினூடே கோயில் கருவறையின் மணம் கமழ்ந்தது. கழகத்தின் கொடி பிடிப்பவர், ரே என்ற முதியவர், தம் வண்டியை நிறுத்திவிட்டு அருகில் வந்து ஆழ மூச்சிழுத்தார். மிக நல்ல மணம், எந்த நிறுவனத்து எண்ணெய் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

சேனாபதி மூடியைத் திறந்தார். உள்ளே செக்கச் செவேலென்று ஏதோ அப்பியிருந்தது.

"அய்யோ, ரத்தமாட்ட இருக்குதே! ஏதாச்சும் அணில் கிணில் உள்ள போயிருச்சா?" விரலால் தொட்டார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். மெல்லத் திரும்பினார். "எழில்... சந்தனம்."

"நான் கண்ணாடியிலதாங்க வெச்சேன்."

"மாமி?"

"நான் கோலம் மட்டுந்தான் போட்டேன்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பேசத் தொடங்கினேன். "சேனாபதி, தங்களுக்கு நான் இழைத்த இந்தப் பிழையை எந்தச் சொற்களால் விளக்குவது என்று தெரியவில்லை. நேற்றுக் காலை நான் நன்னோக்கத்தோடு—"

"எண்ணெய் கலந்தீங்களா சார்?"

"தேங்காயெண்ணெய்."

சேனாபதி பனியில் உட்கார்ந்துவிட்டார். "பெல்ட்டு ஓடுறதே அந்தத் தட்டக் கவ்விப் புடிச்சுத்தானுங்களே. அதுல ஒரு சொட்டு எண்ணெய் பட்டா வழுக்கும்னுதான் மூணு தண்ணி மாத்திக் கழுவினேன். கை கூடப் படாம வெச்சேன்." பெல்ட்டைக் கழற்றி உயர்த்திப் பிடித்தார். பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னின. ஓரிடத்தில் கருகி, உள்ளிருந்து நூல் பிரிந்து தொங்கியது. "இது முடிஞ்சுதுங்க."

எழிலரசி என்னைக் கூர்ந்து பார்த்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. வண்டி வித்தா உங்க கராஜ் காலியாகும்ல?"

"எழில்!" என்றார் சேனாபதி.

"சும்மா கேட்டேங்க."

காமாக்ஷி என்னைத் தனியே இரண்டடி இழுத்துச் சென்றாள். "நிஜத்தைச் சொல்லுங்கோ. அதுக்காகவா பண்ணினேள்?"

"சத்தியமாக இல்லை."

"ஓ" என்றாள். அவள் குரலில் இறங்கியது ஏமாற்றம். அதற்கு முன் ஒரு கணம், முப்பத்தோராண்டு இல்வாழ்வில் நான் ஒருமுறையும் கண்டிராத வியப்போடு என்னைப் பார்த்திருந்தாள்.

சேனாபதி எழுந்து ரேயிடம் சென்றார். உதிரி பெல்ட் கிடைக்குமா? அந்த அளவு கிடையாது. அருகில் கடை? விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். மற்றப் போட்டியாளர்களிடமும் கேட்டார். அவை வேறு நிறுவனத்து வண்டிகள். "அந்தப் பழைய பெல்ட்டயாவது தூக்கிப் போடாம வெச்சிருந்திருக்கலாம்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

பழைய பெல்ட் என் காரின் டிக்கியில் இருந்தது.

அது எந்தக் குப்பைத் தொட்டியில் சேரும் என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ரப்பரும் நாரும் கலந்த பொருள் மறுசுழற்சிக்கு உரியதா என்று நகராட்சிக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலுக்குக் காத்திருந்தேன். அது அங்கே இருப்பது காமாக்ஷிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன். நான் ஏறக்குறைய நாற்பது விநாடிகள் வாய் திறக்கவில்லை. நான் சும்மா இருந்தாலே போதும். திங்கட்கிழமை வண்டி விற்கப்படும். செவ்வாய்க்கிழமை காலை காமாக்ஷி வெதுவெதுப்பான காரில் ஏறுவாள். எவரும் என்மேல் மேலும் கோபிக்க மாட்டார்கள். கோபிக்க வேண்டியதை ஏற்கெனவே கோபித்தாகிவிட்டது. சேனாபதி மலையுச்சியைப் பார்த்தபடி நின்றார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் வாய் திறக்க முற்பட்டபோது பனி பூட்ஸ் அணிந்த கால் ஒன்று என் பாதத்தின்மேல் ஊன்றியது.

"பழைய பெல்ட்" என்றேன், வலியோடு. "காரில் இருக்கிறது."

*

அடுத்த மூன்று மணி நேரமும் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த குடிலின் முற்றத்தில் கழிந்தன. எழிலரசி தம் நகப்பூச்சு நீக்கும் திரவத்தைக் கொண்டுவந்தார். சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்கள் வந்தன. தட்டுகளில் ஒட்டிய எண்ணெயையும் குங்குமத்தையும் நானே தேய்க்கிறேன் என்று கேட்டுப் பெற்றுக்கொண்டேன். இட்டவன் அழிப்பதே முறை. தேய்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன் போலும்.

"சார், உங்க மன்னிப்ப மலை ஏறி எறங்கி வந்து கேட்டுக்கறேன். இப்ப அந்த மூலைல ஒரு செவப்பு தெரியுதுங்க பாருங்க" என்றார் சேனாபதி.

"மன்னிக்கவும்."

"பாருங்க, மறுபடியும்!" என்று எழிலரசி சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுவே முதல் முறை.

பழைய பெல்ட்டில் ஒரு சிக்கல் இருந்தது. ஓடித் தேய்ந்து அகலம் குறைந்துவிட்டதால், பின் கிளட்ச்சின் தட்டுகளுக்கிடையே ஆழமாக அமுங்கி நின்றது. அப்படி நின்றால் புறப்படும்போதே வண்டி திணறுமாம்.

"பெல்ட்டு விளிம்புக்கு மேல அர நூல் அளவுக்கு எந்திரிச்சு நிக்கணும்" என்று, பின் கிளட்ச்சிலிருந்த ஒரு சிறு போல்ட்டைச் சேனாபதி கால் சுற்றுத் திருகினார். தட்டுகள் மயிரிழை நெருங்கின. கிளட்ச்சைக் கையால் சுழற்றினார். பெல்ட் சற்று மேலேறியது. மறுபடி கால் சுற்று. மறுபடி சுழற்றல். காமாக்ஷி குனிந்து பார்த்தாள்.

"இன்னும் ஏறணும்" என்றாள்.

சேனாபதி நிமிர்ந்தார். "மாமி?"

"அந்தப் பக்கம் சரியா இருக்கு. என் பக்கம் உள்ள போயிருக்கு. நன்னாப் பாருங்கோ."

அவள் சொன்னது சரியாக இருந்தது. என் பாதத்தை மிதித்தவள் இப்போது டார்ச்சையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நான் தவறான இடத்தில் வெளிச்சம் அடிக்கிறேனாம்.

"இது எவ்வளவு தாங்குமுங்க?" என்று எழிலரசி கேட்டார்.

"ஒரு தரம் ஏறுற வரைக்கும் தாங்குனாப் போதும்" என்றார் சேனாபதி.

*

சேனாபதியின் எண் பத்தொன்பது. அவருக்கு முன் ஏறியவர்களில் ஏழு பேர் கயிற்றில் இறங்கியிருந்தார்கள். கயிறு சுருள் சுருளாக உச்சியில் தயாராகக் கிடந்தது. மூன்றரை மணிக்கு ரே கொடியை இறக்கினார்.

இம்முறை வண்டி தயங்கவில்லை. எஞ்சினின் ஓசை ஒரே சுருதியில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எட்டாயிரம்" என்று எழிலரசி முணுமுணுத்தார். எடைகளைப் பவுனில் மட்டுமே அறிந்தவர் என்று நான் நினைத்திருந்தேன். சென்ற இரண்டு ஆண்டுகளும் நின்ற இடத்தைச் சேனாபதி கடந்தார். பனி அவர் தலைக்கு மேல் விசிறியாக எழுந்தது. காமாக்ஷி என் தோளைப் பற்றிக்கொண்டு, "போ, போ, போ" என்று கத்தினாள். யாருடைய கட்சியில் இருக்கிறாள் என்று நினைவூட்ட எனக்கு மனம் வரவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே சுருதி பிசகியது. எஞ்சின் வீறிட்டது. மூடியின் பக்கவாட்டிலிருந்து கறுப்பாக ஏதோ துண்டு துண்டாகப் பறந்து பனியில் விழுந்தது. பெல்ட். வண்டி தன் வேகத்தில் மட்டும் ஊர்ந்தது. ஊர்ந்து, தயங்கி, முன் கட்டைகள் இரண்டையும் உச்சியின் விளிம்புக்கு மேல் போட்டு, மூக்கைத் தாழ்த்தி அப்படியே அமர்ந்தது.

மேலே பச்சைக் கொடி அசைந்தது. எழிலரசி குதித்தார். நான் கைதட்டினேன். காமாக்ஷி விசில் அடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

அப்போது, கயிற்றோடு இருவர் வண்டியை நோக்கி நடந்தார்கள்.

எழிலரசியின் குதிப்பு நின்றது. பெல்ட் இல்லாத வண்டி எப்படி இறங்கும்? கயிற்றில்தான் இறங்கும். ஏறியது உண்மை. ஆனால் சத்தியத்தில் ஏறுவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; கயிற்றில் இறங்கி வந்தால் என்பதே அதன் வாசகம். ஆவணப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் நான் இதை உடனே கவனித்தேன்.

"தலையில அடிச்சிருக்காருங்க மாமி" என்றார் எழிலரசி, தணிந்த குரலில். "நானே போனாப் போகுதுன்னு விட்டுட்டா அப்பறம் அது சத்தியமா?"

மேலே சேனாபதி கைகளை வீசி ஏதோ வாதிடுவது தெரிந்தது. கயிற்றுக்காரர்கள் தலையசைத்தார்கள். ரேயின் கையிலிருந்த வானொலிக் கருவி கரகரத்தது. உங்கள் நண்பருக்குக் கயிறு வேண்டாமாம், சும்மா உருண்டு வருகிறாராம், பிரேக் பின் கிளட்ச் இருக்கும் தண்டில் இருப்பதால் பெல்ட் இல்லாமலும் பிடிக்கும் என்கிறாராம், உண்மைதான், ஆனால் அவர் மனநிலை சரியாக உள்ளதா என்று ரே எங்களைக் கேட்டார்.

"இத்தனை வருஷமா இப்படித்தான் இருக்கார்" என்று எழிலரசி ஆங்கிலத்தில் உறுதியளித்தார்.

ரே சற்று யோசித்து அனுமதி கொடுத்தார்.

சேனாபதி எஞ்சினை அணைத்தார். வண்டியைத் தள்ளித் திருப்பி, ஏறி அமர்ந்தார். பிறகு, எந்த ஓசையும் இல்லாமல், நிமிர்ந்த முதுகோடு, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டபடி மலையிலிருந்து இறங்கி வந்தார். கூட்டம் முழுவதும் பார்த்தது. முக்கால்வாசியில் மெதுபனியில் வண்டி நின்றுவிட்டது. இறங்காமலேயே, பெட்ரோல் தீர்ந்த ஸ்கூட்டரை உந்துவதுபோல் இரு காலாலும் உந்தினார். உந்தி உந்தி, கடைசி நூறடியைக் கால் மணி நேரத்தில் கடந்து எழிலரசியின் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

எழிலரசி வண்டியைச் சுற்றி வந்தார். முன்னால் பார்த்தார். பின்னால் குனிந்து பார்த்தார்.

"கயிறு இல்ல" என்றார். "சரி. வெச்சுக்கங்க."

சேனாபதி என் பக்கம் திரும்பினார். "சார், இப்பக் கேளுங்க மன்னிப்பு."

நான் கேட்டேன். முழுமையாக, இடையூறின்றிக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "அடுத்த வருஷத்துக்குப் பின் கிளட்ச்சயும் மாத்திரலாமுங்க. கோடைலயே ஆரம்பிச்சாத்தான் முடியும். அதனால வண்டி உங்க கராஜ்லயே..."

"தாராளமாக" என்றேன்.

காமாக்ஷி பனியில் கிடந்த பெல்ட் துண்டுகளைப் பொறுக்கிவர மலைப் பக்கம் நடந்தாள். கண்டபடி போட்டுவிட்டு வரக்கூடாதாம்.

அந்த வார இறுதியில் இழந்தவை: புதிய பெல்ட் ஒன்று. பழைய பெல்ட் ஒன்று. அதில் ஐந்து துண்டுகள் மீட்கப்பட்டன. பாத்திரம் தேய்க்கும் நார் மூன்று. நகப்பூச்சு நீக்கும் திரவம் ஒரு புட்டி. எலுமிச்சம்பழம் இரண்டு. கராஜ், அடுத்த பிப்ரவரி வரை. என் வலது கால் பெருவிரலின் நகம். இடதுகைக் கையுறை ஒன்று, விசிலடிக்கக் கழற்றியது, காமாக்ஷியுடையது.